நல்ல வெயில் விட்டுச்சென்ற பொறி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்றொரு பனிச்சறுக்கு மையம். 2012 பிப்ரவரி 19 அன்று 16 பேர் அதன் எல்லையைத் தாண்டி, மலையின் மறுபுறத்தில் டன்னல் க்ரீக் எனப்படும் சரிவில் இறங்கக் கிளம்பினார்கள். கற்றுக்குட்டிகள் அல்ல. சறுக்குப் போட்டி நடுவர், விளையாட்டு இதழாளர்கள், அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள் என எல்லோரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கும்போது சரிவு உடைந்தது. ஒடுங்கிய பள்ளம் வழியாகப் பனி நான்கு பேரை அடிவாரம்வரை இழுத்துச் சென்றது. மூவர் இறந்தார்கள்.

மேலேயிருந்து தானாக உருண்டு வந்து ஆளை அமுக்குகிற பனி சினிமாவில்தான் அதிகம். மலையேறிகளும் ஸ்கீ வீரர்களும் உயிரிழக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதை அவிழ்த்துவிடுவது அவர்களோ, கூட வந்தவர்களோதான்.

பனி விழுந்து குவியும்போது அடுக்கடுக்காகப் படிகிறது. ஒவ்வோர் அடுக்கும் அன்றைய வானிலையின் பதிவு. டன்னல் க்ரீக்கில் வினை விளைந்தது புயலால் மட்டுமல்ல. பிப்ரவரி தொடக்கத்தில் வானம் தெளிந்து, பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக இருந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் பனிப்பரப்பின்மேல் இறகு வடிவில் மெல்லிய படிகங்கள் முளைக்கும். பார்க்க அத்தனை அழகு. பிறகு அதன்மேல் புதுப்பனி கொட்டி மூடிவிட்டது. மேலே கனத்த பாளம், அடியில் நொறுங்கக் காத்திருக்கும் படிகங்கள். ஓர் ஆளின் எடை போதும். ஓரிடத்தில் நொறுங்கினால் அந்த முறிவு நொடியில் சரிவு முழுக்க ஓடிவிடும்.

இதற்குச் சாய்வும் வேண்டும். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளே மிக ஆபத்தானவை. சறுக்கச் சுகமானவையும் அவைதாம் என்பது மலையின் குசும்பு. காலடியில் பனி ‘உம்ம்’ என்று அமுங்கி ஒலித்தாலோ, கோடாக விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கிய தடம் தெரிந்தாலோ திரும்பிவிடுவதே நல்லது.

பல நாடுகளில் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். மூன்றாம் நிலை என்றதும் ‘நடுவில்தானே’ என்று மனம் சமாதானம் சொல்லும். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பது அந்த நிலையில்தான். ஐந்தாம் நிலையில் அநேகமாக யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

ஓடும் பனி நின்ற கணமே இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்கூட மிஞ்சுவது அரிது. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட வந்தவர்களே மீட்புப் படை. அதனால்தான் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிக்கும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டன்னல் க்ரீக்கில் அடிவாரம்வரை போய்ப் பிழைத்த ஒரே பெண்ணிடம் முதுகுப்பையில் காற்றுப்பையும் இருந்தது. இழுத்ததும் அது உப்பிக்கொள்ளும். ஓடும் பனியில் பருமனான பொருள் மேலே ஒதுங்கும்.

அரை மணிக் கணக்குக்கு விதிவிலக்கும் உண்டு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பத்து வீரர்கள் புதைந்தபோது, அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டார். ஆனாலும் சில நாட்களில் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். இறந்தவர்களில் தமிழ்நாட்டினரும் இருந்தனர்.

டன்னல் க்ரீக்கில் உயிர்தப்பியவர்களில் பலர் பின்னர் சொன்னது கவனிக்கத்தக்கது. கூட்டம் பெரிதாக இருக்கிறதே என்ற உறுத்தல் அவர்களுக்கு முன்பே இருந்தது. யாரும் வாய்திறக்கவில்லை. இத்தனை கைதேர்ந்தவர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது! அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கம்மன் 700-க்கும் மேற்பட்ட விபத்துகளை அலசியபோதும் இதே புத்திதான் தட்டுப்பட்டது: பழகிய இடம் என்ற தைரியம், முன்னால் போனவர்மேல் உள்ள நம்பிக்கை, பிறருக்கு முன் புதுப்பனியில் தடம் போடும் ஆசை.

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கயிறு கட்டிய எல்லையைத் தாண்டுவது சில அடி வேலை. 2023 பிப்ரவரியில் அந்த மலைப்பகுதியில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். மறு ஆண்டு அதே மாதத்தில் ஒரு ரஷ்யர். எல்லை தாண்டியே தீருவேன் என்பவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் முறை, சரிவை ஒவ்வொருவராகக் கடப்பது. மற்றவர்கள் ஓரமாகப் பத்திரமான இடத்தில் நின்று, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. புதைந்தால் கடைசியாக எங்கே தென்பட்டார் என்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா?