சங்கக் கடையும் கூகிள் வரைபடமும்

முகூர்த்த மாதங்கள் பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி சாலையில் வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கலியாணப் புடவை வாங்க வரும் குடும்பத்தார், முன்னாளில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிர்ப்பட்டவரைக் கேட்டே கடை தேடினர். எதிர்ப்பட்டவர் தரகராயின், அவர் அழைத்துச் செல்லும் கடை கூட்டுறவுச் சங்கத்தின் கடையாக இராது என்பது நெசவாளர் அங்கத்தினர்கள் நன்கறிந்த செய்தி. இன்றோ அவர்கள் ஊருக்குள் நுழையுமுன்பே கைபேசியைக் கேட்டுவிடுகின்றனர். 'அருகிலுள்ள பட்டுச் சேலைக் கடை' என்று எழுதித் தேடினால், கூகிள் வரைபடம் சில கடைகளின் பெயர்களைக் காட்டுகிறது. அவற்றுள் நமது சங்கத்தின் பெயர் இல்லையெனில், அந்த வாடிக்கையாளரைப் பொறுத்தமட்டில் அவ்வூரில் நமது சங்கமே இல்லை.

இப்பட்டியலில் இடம் பெறுவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. 'கூகிள் மை பிசினஸ்' என்று வழங்கிய இந்த ஏற்பாடு, 2021-ஆம் ஆண்டு முதல் 'கூகிள் பிசினஸ் புரொஃபைல்' என்னும் பெயரால் நடைபெற்று வருகிறது. புதிதாகப் பதிவு செய்யப் புகுமுன், நமது சங்கத்தின் பெயர் ஏற்கெனவே அங்கு உள்ளதா என்று தேடிப் பார்த்தல் நலம். வழிப்போக்கர் எவரேனும் அதனைச் சேர்த்திருத்தல் கூடும். அவ்வாறிருப்பின், அப்பதிவையே நமதென்று உரிமை கோரிப் பெறலாம். இரண்டாவது பதிவு வாடிக்கையாளரைக் குழப்பவே செய்யும்.

பெயர்ப் பலகையில் எப்பெயர் உள்ளதோ அப்பெயரையே எழுத வேண்டும். 'மலிவு விலை', 'முதல்தரம்' முதலிய அடைமொழிகளை ஒட்டுதல் விதிக்குப் புறம்பானது. வரைபடத்தில் அடையாளப் புள்ளியைக் கடையின் வாயிலிலேயே பொருத்த வேண்டும். பின்தெருவில் குறித்துவிட்டால், வருகின்றவர் சாயப்பட்டறையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போவார். பதிவு உண்மையானதுதானா என்று கூகிள் சோதிக்கும். தெருவையும், பெயர்ப் பலகையையும், பூட்டைத் திறந்து உள்ளே செல்வதையும் கைபேசியில் படமெடுத்து அனுப்புமாறு கேட்பது இப்போது சாதாரண வழக்கம்.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருவோம். இப்பதிவு யாருடைய உடைமை? பல இடங்களில் கணினி பழகிய சிப்பந்தி ஒருவர், நல்லெண்ணத்துடனேயே, தமது சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவைத் தொடங்கிவிடுகிறார். பின்னர் அவர் வேறு சங்கத்துக்கு மாற்றலாகிறார், அல்லது ஓய்வு பெறுகிறார். தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் அவரைத் தேடி அலைய நேரிடுகிறது. சங்கத்தின் முத்திரையையும் தீர்மானப் புத்தகத்தையும் யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல நாம் இடங்கொடுப்பதில்லை. இதுவும் அத்தகையதே. ஆகவே, சங்கத்தின் பெயரால் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்தி, அதனையே முதன்மை உரிமையாளராகப் பதிதல் வேண்டும். அன்றாடப் பணியைப் பார்ப்பவருக்கு 'மேலாளர்' என்னும் நிலையில் அனுமதி கொடுத்தால் போதுமானது. உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது வேறொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாக உரிமை பெற்றவர் 7 நாள் கழியும்வரை முந்தைய உரிமையாளரை நீக்க இயலாது. எனவே மாற்றல் உத்தரவு வந்தவுடனேயே இக்காரியத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கத்தினர் அனைவரையும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொல்லலாமே என்று சிலருக்குத் தோன்றும். அங்கத்தினரே சங்கத்தின் சொந்தக்காரர் அல்லவா? சொந்தக் கடைக்குத் தாமே புகழுரை எழுதுவதைக் கூகிளின் விதிகள் தடுக்கின்றன. நமக்கும் அது அழகன்று. மதிப்புரை எழுதினால் தள்ளுபடி தருகிறோம் என்பதும் கூடாது. புடவையின் சாயம் போயிற்று என்று ஒருவர் குறை எழுதினால், அதன் கீழேயே பணிவுடன் பதிலெழுதி, கடைக்கு வரச் சொல்ல வேண்டும். அப்பதிலை அவர் மட்டுமன்றிப் பின்னால் வருகின்ற அனைவரும் படிப்பர்.

'பணம் செலுத்தினால் உங்கள் கடையை முதலிடத்தில் காட்டுவோம்' என்று தொலைபேசியில் பேசுவோரை நம்பற்க. தேடிய பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரபலம் ஆகியவற்றைக் கொண்டே இப்பட்டியலில் வரிசை அமைகிறது. விளம்பரம் என்று குறிப்பிட்டுக் காட்டப்படுபவை வேறு. அவற்றுக்கு மட்டுமே கட்டணம்.

பதிவு செய்துவிட்டு மறந்துவிடும் சங்கங்களே அதிகம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் முன்னோடிகள் திறந்த பண்டகசாலை, தொடக்கத்தில் சில மாலை வேளைகளில் மட்டுமே திறந்திருந்தது. எந்த மாலை என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் போதும். நமது வாடிக்கையாளரோ நூறு மைல் தொலைவிலிருந்து புறப்படுகிறார். அமாவாசையன்று விடுமுறை விடும் நெசவாளர் சங்கமும், ஏலநாளில் மட்டும் இயங்கும் விளைபொருள் விற்பனைச் சங்கமும் அந்த நேரங்களைத் தவறாமல் குறித்தல் வேண்டும். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கடை இரவு வரை திறந்திருக்குமாயின், 'சிறப்பு நேரம்' என்னும் பகுதியில் அதனை முன்கூட்டியே பதியலாம். இவ்வேலைக்கு மாதம் கால் மணி நேரம் போதும். நிர்வாகக் குழு கூடும் நாளிலேயே காரியதரிசி இதனை முடித்துக்கொள்ளலாம்.