திறந்த சில்லு – 14: முதல் கேள்வியிலேயே தோற்கும் கணினி

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி மாநிலம் மாறியது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. 365 படிகளில் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதையும் நகரவில்லை. முந்தின நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். விடிந்தால் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டம். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் 1959-இன் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து மாற்றியது, ஊருக்கு மேலே இருந்த நிர்வாகத்தை.

மென்பொருளைப் போர்ட் செய்வதில், அதாவது வேறொரு சில்லில் ஓட வைப்பதில், மாறுவது கீழே இருக்கும் சில்லு. நிரல் அதே நிரல்தான். ஆனால் திருத்தணிக்காகப் பேச ஒரு இயக்கமே இருந்தது. புதுச் சில்லுக்காக உட்காரும் ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள்.

சக்தி சில்லின் கதை போன வாரத்தோடு முடிந்தது: ஐ.ஐ.டி. மெட்ராஸ், பேராசிரியர் காமகோடி, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு, 2018-இல் லினக்ஸ் பூட் ஆன ரைஸ்கிரீக். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். ரிஸ்க்-ஃபைவ் டெஸ்க்டாப்பில் தமிழ் தட்டச்சு என்பது இந்த வாரத்துக்கு அறிவித்திருந்த தலைப்பு. தட்டச்சு செய்ய முதலில் ஒரு டெஸ்க்டாப் எழுந்து நிற்க வேண்டுமே!

அடித்தளம் சீக்கிரமே அமைந்துவிட்டது. 2017-இல் வந்த ஜி.சி.சி. 7 கம்பைலர் ரிஸ்க்-ஃபைவ் மொழியைப் பேசியது. 2018 ஜனவரியில் லினக்ஸ் கெர்னல் 4.15, பிப்ரவரியில் சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.27. இந்த மூன்றும் இருந்தால் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் வரும். அதில் கட்டளைகளைத் தட்டலாம். அதற்கு மேல் ஜன்னல்கள், ஐகான்கள், பிரவுசர், கடிதம் எழுத ஒரு ஆபீஸ் எல்லாம் வேண்டுமென்றால் டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் வழங்கல் வேண்டும். டெபியனில் பல பத்தாயிரம் பேக்கேஜ்கள். ஒவ்வொன்றையும் புதுச் சில்லுக்காக மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

கம்பைலர் இருக்கிறது, மூல நிரல் இருக்கிறது, ஓட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். அங்கேதான் கான்ஃபிக்.கெஸ் குறுக்கே வருகிறது.

கான்ஃபிக்.கெஸ் என்பது குனு திட்டத்தின் ஷெல் ஸ்கிரிப்ட். பழைய யூனிக்ஸ் மென்பொருள் எதையாவது கம்பைல் செய்யத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் எழுந்து கேள்வி கேட்பது இதுதான்: இது என்ன எந்திரம்? 'யுனேம்' கட்டளையிடம் விசாரிக்கும். துப்பு போதாவிட்டால் அந்த இடத்திலேயே சின்னதாக ஒரு சி நிரல் எழுதி, கம்பைலரிடம் கொடுத்து, வருகிற பதிலை வைத்து முடிவு கட்டும். சில்லு, தயாரிப்பாளர், இயங்குதளம் என்று வரிசையாக ஒரு பெயரைச் சொல்லும். பக்கத்திலேயே கான்ஃபிக்.சப் என்று இன்னொரு ஸ்கிரிப்ட். அந்தப் பெயர் தன் பட்டியலில் உள்ளதா என்று சரிபார்ப்பது அதன் வேலை.

அந்தப் பட்டியல்தான் படிக்கப் படிக்கச் சுவை. வேக்ஸ் இருக்கிறது. பி.டி.பி.-11 இருக்கிறது. கிரே சூப்பர் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அமிகா, அட்டாரி, பிஓஎஸ், அதன் வாரிசான ஹைக்கூ எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட எந்திரங்களையும் யாரும் நீக்கவில்லை. கணினி வரலாற்றைப் பாடமாக நடத்த நினைக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு கோப்பு ஒரு பருவத்துக்கே போதும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஸ்கிரிப்டை யாரும் ஓரிடத்தில் நிறுவுவதில்லை. எதுவும் நிறுவாத வெறும் எந்திரத்திலும் ஓட வேண்டும் என்பதால், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு நகலைச் சுமந்துகொண்டு வருகிறது. 2005-இல் வெளியாகி, அதன் பிறகு புதுப் பதிப்பே காணாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இருப்பது 2005-இன் பட்டியல். ரிஸ்க்-ஃபைவ் திட்டம் பெர்க்லியில் தொடங்கியதே 2010-இல். 1959-இல் அச்சான தாலுகா பட்டியலை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் திருத்தணியைத் தேடினால் கிடைக்குமா? நிரலில் சில்லைச் சார்ந்த வரி ஒன்றுகூட இல்லாவிட்டாலும், வேக்ஸை வரவேற்கும் விளையாட்டு ரிஸ்க்-ஃபைவை வாசலில் நிறுத்திவிடும். எந்திரத்தை ஊகிக்க முடியவில்லை, விவரங்களை இந்த முகவரிக்கு அனுப்பவும் என்று ஒரு செய்தியோடு வேலை நின்றுபோகும்.

திருத்தம் எளிது: புது நகலைப் போட்டால் போதும். எத்தனை பேக்கேஜுக்குப் போடுவது, யார் போடுவது என்பதுதான் கேள்வி. 2015-இல் வந்த டெபியன் 8 பதிப்பு ஆர்ம்64, பி.பி.சி.64 லிட்டில் எண்டியன் ஆகிய இரண்டு சில்லு வகைகளைப் புதிதாகச் சேர்த்தது. அவற்றைப் போர்ட் செய்தவர்கள் பேக்கேஜ் பேக்கேஜாக இதே புகாரை எழுதி எழுதிச் சலித்தார்கள். 2016-இல் டெபியனின் பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்ப்பரிலேயே மாற்றம் வந்தது: கட்டத் தொடங்கும்போது பழைய நகலை எடுத்துவிட்டுப் புதியதை அதுவே வைத்துவிடும். 2018-இல் டெபியனின் துணைக் கிடங்கில் ரிஸ்க்-ஃபைவ் நுழைந்தபோது இந்தத் தொல்லையில் பெரும்பங்கு தீர்ந்திருந்தது. ஆர்ம்காரர்கள் பட்ட பாட்டின் பலனை ரிஸ்க்-ஃபைவ்காரர்கள் அனுபவித்தார்கள்.

எல்லாச் சில்லுக்கும் இந்த யோகம் அடிக்கவில்லை. ரிஸ்க்-ஃபைவுக்குப் பத்தாண்டு முன்னால், 2000-இல், ஓப்பன்ரிஸ்க் என்று ஒரு திறந்த சில்லு தொடங்கியது. அதற்கு ஜி.சி.சி. கம்பைலரும் எழுதப்பட்டது. ஜி.சி.சி.யின் மூலத்தில் அதைச் சேர்க்க வேண்டுமென்றால், எழுதியவர்கள் எல்லாரும் காப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித்தர வேண்டும். அப்போதைய விதி அது. எழுதியவர்களில் ஒருவர் சம்மதிக்கவில்லை. ஓடுகிற கம்பைலர் ஆண்டுக்கணக்கில் வெளியிலேயே நின்றது. கடைசியில் ஸ்டாஃபோர்டு ஹார்ன் முதலிலிருந்து புதிதாக எழுத, 2019-இல் ஜி.சி.சி. 9-இல்தான் ஓப்பன்ரிஸ்க் உள்ளே வந்தது. அதற்குள் ஊர் முழுக்க ரிஸ்க்-ஃபைவ் பேச்சு. ஓப்பன்ரிஸ்க்குக்கு டெபியனைக் கொண்டுபோக முயன்ற மானுவேல் மோன்டெசெலோ, ரிஸ்க்-ஃபைவ் டெபியனின் முன்னோடிகளில் ஒருவரானார்.

ஆட்கள் குறைவான இடத்தில் ஒரு கையெழுத்து இல்லாமல் போனாலே இவ்வளவு ஆகும்.

டெஸ்க்டாப்புக்கென்று தனியாக ஒரு தலைவலியும் உண்டு. அது சர்வரில் வராது. க்னோம் டெஸ்க்டாப்பின் ஐகான்களைத் திரையில் வரைவது லிப்ஆர்எஸ்விஜி என்ற நூலகம். மெக்சிகோவைச் சேர்ந்த ஃபெடெரிகோ மேனா கின்டெரோ அதைச் சி மொழியிலிருந்து ரஸ்டுக்கு மாற்றத் தொடங்கினார். பாதுகாப்புக்கு நல்ல முடிவு. ஆனால் ரஸ்ட் வேண்டுமென்றால் எல்.எல்.வி.எம். வேண்டும், அதில் ரிஸ்க்-ஃபைவ் சோதனை நிலையைத் தாண்டியதே 2019-இன் எல்.எல்.வி.எம். 9-இல். ஒரு ஐகானை வரைய இரண்டாவதாக ஒரு கம்பைலர் தொகுப்பையே போர்ட் செய்தாக வேண்டும். லிப்ரே ஆபீஸிலோ, நிரலின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் பாலத்தைச் சில்லுக்குச் சில்லு கையால் எழுத வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி 2023 ஜூலையில் டெபியன் தன் அதிகாரபூர்வக் கிடங்கில் ரிஸ்க்-ஃபைவைச் சேர்த்துக்கொண்டது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், டெபியனின் ஆண்டு மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவை முழுமையாக ஆதரிக்கும் முதல் பதிப்பு.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பலன் உண்டு. திருத்தணி இன்று இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ், சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியது. ஆகவே நாளை சக்தி குடும்பத்திலிருந்து ஒரு டெஸ்க்டாப் சில்லு வந்தால், பல்லாயிரம் பேக்கேஜ்களைச் சென்னையில் யாரும் முதலிலிருந்து போர்ட் செய்ய வேண்டியதில்லை. சில்லுக்கே உரிய டிரைவர்களும் பூட் வேலையும்தான் மிச்சம். அதற்கே ஆட்கள் திண்டாட்டம் என்பது வேறு விஷயம்.

தமிழ் தட்டச்சும், ஒரே ஒரு பைட் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களைக் கவிழ்த்த கதையும் அடுத்த வாரம். அதற்குள் லினக்ஸ் கணினி வைத்திருக்கும் வாசகர்கள் வேறு சில்லைப் போல நடிக்கும் க்யூஎமு என்ற மென்பொருளை நிறுவி, அதற்குள் டெபியன் 13-இன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பை ஓட்டிப் பார்க்கலாம். மெதுவாகத்தான் ஓடும். தமிழ்99-இலோ ஃபொனெடிக்கிலோ தட்டிப் பார்த்து, எந்த எழுத்து எங்கே இடறுகிறது என்று ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள்.