மைதானத்துக்கே ரேடியோ கொண்டுபோன ரசிகர்களைத் தெரியுமா?

அமெரிக்க பேஸ்பாலை ரேடியோவும் டிவியும் இணையமும் என்னவெல்லாம் செய்திருக்கின்றன! படித்தால் அசந்துபோவீர்கள்!

● அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் ஆட்டம் முதன்முதலில் ரேடியோவில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று! பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையத்துக்காக வர்ணித்தவர் ஹரால்ட் ஆர்லின்.

● வீட்டிலேயே கேட்டுவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்கள் என்று பயந்து, நியூயார்க்கின் மூன்று அணிகளும் 1938 வரை ஐந்து சீசன்கள் ரேடியோவையே தடுத்துவைத்திருந்தன! தடை விலகிய 1939-லேயே டிவியும் வந்துவிட்டது. புரூக்ளினில் நடந்த அந்த முதல் ஒளிபரப்புக்கு மொத்தம் இரண்டே கேமராக்கள்!

● பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன், 1930-களில் அயோவா மாநிலத்தில் ரேடியோ வர்ணனையாளர்! மைதானத்துக்குப் போகாமலே, தந்தியில் வரும் குறிப்புகளைப் பார்த்து ஆட்டத்தைக் கண்முன் நிறுத்துவார். ஒருநாள் தந்தி நின்றுபோனது. அது திரும்ப வரும்வரை பேட்டர், பந்து கோட்டுக்கு வெளியே போகும் ‘ஃபவுல்’ மேல் ‘ஃபவுல்’ அடிப்பதாகச் சொல்லியே சமாளித்தாராம்!

● 1958-ல் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. பிரம்மாண்டமான கொலிசியம் மைதானத்தில் பலருக்கு ஆட்டம் வெகுதூரம். ஆட்டத்தை நேரில் பார்த்துக்கொண்டே டிரான்சிஸ்டரில் அணியின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியைக் கேட்டார்கள்! 1960-ல் ஒருநாள், ‘இன்று அம்பயருக்குப் பிறந்தநாள்’ என்றார் ஸ்கல்லி. அவர் மூன்று எண்ணியதும் அரங்கமே வாழ்த்து முழங்கியது! அந்தக் குரல் 67 சீசன்கள் ஒலித்தது.

● மேஜர் லீக்கின் இறுதியான உலகத் தொடரில், 1975-ல், வீரர் கார்ல்டன் ஃபிஸ்க் பந்தை அடித்துவிட்டு, ‘ஃபவுல் ஆகிவிடாதே’ என்று கைகளை ஆட்டி ஆட்டி அதைத் தள்ளிய காட்சி காலத்தால் அழியாதது. கேமரா ஏன் பந்தைப் பின்தொடராமல் அவரையே காட்டியது? கேமராமேன் பக்கத்தில் ஓர் எலி வந்துவிட்டதாம்! வீரரின் முகத்தில் தெரியும் தவிப்பும் ஆட்டத்தின் பாதி என்று டிவி அன்று கற்றுக்கொண்டது.

● 2002 ஆகஸ்ட் 26: மேஜர் லீக் ஆட்டம் முதன்முதலாக இணையத்தில் வீடியோ நேரலை! ஊர்விட்டு ஊர் போன ரசிகருக்கும் சொந்த அணி கைக்கெட்டியது.

● ஆனால் கொடுமையைக் கேளுங்கள்! சொந்தமாக மேஜர் லீக் அணியே இல்லாத அயோவாவில், பல ஆண்டுகள் ஆறு அணிகளின் ஆட்டங்கள் இணையச் சந்தாதாரர்களுக்கு மறைக்கப்பட்டன. பணம் கட்டியும் பார்க்க முடியாது! காரணம், வட்டார ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தங்கள்.

கேட்கக் கேட்கத்தான் ரசிகர்கள் பெருகினார்கள். நூறாண்டு வரலாறு சொல்வது இதைத்தான்: ஆட்டத்தை ஒளித்துவைத்து எந்த அணியும் ரசிகர்களைச் சேர்த்ததில்லை!