வேலைக்கும் வாரக்கடைசிக்கும் ஒரே மோட்டாரா?

ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்படும் நம் இளைஞர்கள் கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன்? எவ்வளவு வேகம் போகும்? ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே அது.

ஏன் என்று பார்ப்போம். கப்சாய் மோட்டாரில் நாம் முதுகை நிமிர்த்தி உட்காருகிறோம். உடலின் பாரம் இருக்கையில் இறங்குகிறது. ஸ்போர்ட் மோட்டாரில் கைப்பிடி தாழ்ந்தும் கால்மிதி பின்தள்ளி உயர்ந்தும் இருப்பதால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று நெஞ்சை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மணிக்கட்டின் பாரம் குறையும். ஆகவே ஞாயிறு காலையில் காராக் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த அமர்வு சுகமாகவே இருக்கும். அதே மோட்டாரை மறுநாள் பெட்டாலிங் ஜெயா நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். தாங்குவதற்குக் காற்று இல்லை. பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் வந்துவிடுகிறது.

எல்லா ஸ்போர்ட் மோட்டாரும் ஒரே மாதிரி குனிய வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் மேலே ஒரு தகடு இணைக்கிறது அல்லவா, கைப்பிடி அந்தத் தகட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் அது பந்தயத் திடலுக்கான அமைப்பு. 2014ல் வந்த யமஹா ஆர்25ல் கைப்பிடி மேலே இருந்தது, சாய்வு மிதமானது. 2019ல் வந்த புதிய வடிவத்தில் அதை 22 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். சின்ன அளவுதானே என்று தோன்றும். ஒரு மணி நேர நெரிசலில் அந்த 22 மில்லிமீட்டரை மணிக்கட்டு உணரும். தோற்றத்திற்குப் புதியது அழகு. தினசரி ஓட்டத்திற்கு என் ஓட்டு பழையதற்கே.

அடுத்தது இயந்திரம். நம் நாட்டில் பி2 உரிமம் 250 சிசி வரை அனுமதிக்கிறது. அதனால்தான் இந்தப் பிரிவில் இத்தனை போட்டி. இங்கே குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 2011ல் வந்த ஹோண்டா சிபிஆர்250ஆர் ஒற்றை சிலிண்டர் மோட்டார். சுமார் 26 குதிரைத்திறன். ஆர்25 இரட்டை சிலிண்டர்; சுமார் 36. வித்தியாசம் பெரிது. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை இரண்டிலும் ஏறத்தாழ 23 நியூட்டன் மீட்டர்தான். ஹோண்டாவில் அந்த உச்சம் 7,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. யமஹாவில் 10,000 வரை முறுக்க வேண்டும். விளக்குக்கு விளக்கு நின்று புறப்படுபவருக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள். உலு யாம் வளைவுகளிலும் கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலை ஏறும்போதும் இரட்டை சிலிண்டர் தரும் இன்பம் வேறுதான், அதை மறுப்பதற்கில்லை.

கிளட்சையும் அமுக்கிப் பார்த்துவிடுங்கள். 2018 கவாசாகி நிஞ்சா 250ல் கிளட்ச் பிடியை இலகுவாக்கும் அமைப்பு உண்டு. நெரிசலில் நூறு முறை பிடித்து விடும் இடது கைக்கு அது பெரிய உதவி. பிளாஸ்டிக் கவசம் மூடிய மோட்டாரில் ரேடியேட்டர் சூடு தொடையில் அடிக்கும் என்பதையும் எதிர்பார்த்தே வாங்க வேண்டும். கவசத்தில் பொருத்திய அகலமான கண்ணாடிகள் கார்களுக்கு இடையே நுழையும்போது இடிக்கும். கைப்பிடியும் கப்சாயைப் போல் ஒடிந்து திரும்பாது.

பலர் கவனிக்காதது டயர். தினமும் நேர்ச்சாலையிலேயே ஓடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் பூ நிறைய இருப்பதைப் பார்த்து நல்ல டயர் என்று நினைத்துக்கொண்டு வாரக்கடைசியில் மலை வளைவில் சாய்த்தால், தட்டையான பகுதியிலிருந்து ஓரத்திற்கு மாறும் இடத்தில் மோட்டார் சட்டென்று விழுவதுபோல் சாயும். மழையில் இது இன்னும் ஆபத்து. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே பழைய மோட்டார் வாங்கினால் ஏபிஎஸ் உள்ளதைத் தேடுங்கள். சிபிஆர்250ஆர் போன்றவை ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகையிலும் வந்தன.

திருமணமானவர்கள் பின் இருக்கையை மனைவியிடம் காட்டிவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது. உள்ளங்கை அகல மெத்தையில் உயரத்தில் உட்கார்ந்து ஈப்போ வரை வர எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

தினமும் ஒரு மணி நேரத்திற்கு மேல் நெரிசலில் ஓட்டுபவர் வீட்டிலுள்ள பழைய கப்சாயை விற்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அதை வேலைக்கு வைத்துக்கொண்டு, தவணை கையைக் கடிக்காத பழைய 250 ஒன்றை வாரக்கடைசிக்கு வாங்கலாம். பயணம் அரை மணி நேரம்தான் என்றால் ஒரே மோட்டார் இரண்டுக்கும் போதும். அப்படியானால் கடையில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, முழங்கால்களால் எண்ணெய்த் தொட்டியைப் பற்றி, முழங்கையைச் சற்று மடக்கிப் பத்து நிமிடம் உட்காருங்கள். கைகளை ஊன்றாமல் உட்கார முடிகிறதா, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.