கெளுத்தித் தீவனம்: மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் சரிப்பட்டு வருமா?

பண்ணைக் குட்டையில் பங்கேசியஸ் கெளுத்தி வளர்க்கிறீர்களா? செலவில் பாதிக்கு மேல் தீவன மூட்டைக்கே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீவனத்தில் சேரும் மீன் எண்ணெய் விலை கூடிய சரக்கு. உலகச் சந்தைக்கு இதை அதிகம் தருவது பெரு நாட்டுக் கடலின் நெத்திலி வகை மீன். 2023-ல் அங்கே முதல் பருவ மீன்பிடிப்பு ரத்தானதும் விலை எகிறியது.

சரி, பதிலுக்குத் தாவர எண்ணெய் சேர்த்தால் மீன் வளருமா? வளரும். கெளுத்தி நன்னீர் மீன். தாவர எண்ணெயில் உள்ள மூலச் சத்திலிருந்து தனக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பை ஓரளவு தானே உருவாக்கிக்கொள்ளும். அந்த மூலச் சத்து ஆளி விதை எண்ணெயில் அதிகம், சோயா எண்ணெயில் குறைவு, பாமாயிலில் இல்லை என்றே சொல்லலாம்.

அப்போ சிக்கல் எங்கே? சாப்பிடுகிறவர் தட்டில்தான். மீனில் நாம் தேடும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகிய ஒமேகா-3 சத்துகள் சதையில் குறைந்துவிடும். இதற்கும் வழி உண்டு. வளரும் காலத்தில் தாவர எண்ணெய்த் தீவனம் கொடுங்கள். அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் மீன் எண்ணெய்த் தீவனத்துக்கு மாறுங்கள். குறைந்த சத்தில் நல்ல பங்கு திரும்பிவிடும்.

மூட்டைத் தீவனத்தில் நீங்களாக எண்ணெய் ஊற்றாதீர்கள். காறிப்போன எண்ணெய் மீனின் உடலைக் கெடுக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை உள்ளதையும் மறக்காதீர்கள். பங்கேசியஸ் வளர்ப்பு அனுமதி, தீவனம் பற்றிய சந்தேகம் எதுவானாலும் உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.