வாடையும் ஓதமும்: கேமரன் மலை முதல் பகாங் கரை வரை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் மார்கழி, தை மாதங்களில் சில நாட்கள் குளிர் திடுமென மிகும். முதல்நாள் வரை மெல்லிய மேலாடையோடு கொழுந்து பறித்தவர் மறுநாள் கம்பளியைத் தேடுவர். பகலெல்லாம் கதிரவன் தலைகாட்டான். மூடுபனி செடிகளின்மேல் படிந்து கிடக்கும். அதே நாட்களில், கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், குவாந்தான், பெக்கான், ரொம்பின் ஆகிய பகாங் கரையூர்களில் மீன்படகுகள் ஆற்றுக்குள்ளேயே கட்டிக் கிடக்கும். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் நின்றுவிடும். மலையும் கரையும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. ஆயினும் தோட்டத்துக் குளிரையும் கடலின் கொந்தளிப்பையும் தொடர்பில்லாத இரு செய்திகளாகக் கொள்வதே பலரின் வழக்கம். உண்மையில் இவ்விரண்டையும் கொண்டுவருவது ஒரே காற்று.

அக்காற்றுக்குப் பெயரிடத் தமிழர் பிறரிடம் சொல் கடன் வாங்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை எனத் திசைதோறும் காற்றைப் பிரித்து வழங்கியவர்கள் அவர்கள். பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை தன் பெயரிலேயே இவ்வாடையைத் தாங்கி நிற்கிறது. எனினும் தமிழகத்து வாடைக்கும் மலேசியக் கிழக்குக் கரை வாடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது நிலவமைப்பால் வந்தது.

குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா ஆகிய நிலப்பரப்புகளின்மேல் காற்று கடுங்குளிர் எய்திக் கனத்துத் தேங்குகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தத்தின் சராசரி 1,013 மில்லிபார்; அங்கோ அது 1,040 மில்லிபாரையும் தாண்டுவது வழக்கம். தேங்கிய நீர் வரப்பை உடைத்துக்கொண்டு பாய்வதுபோல் இக்குளிர்க்காற்று அவ்வப்போது தெற்கு நோக்கிச் சரிகிறது. இந்தியாவின் பக்கம் இமயமும் திபெத் மேட்டுநிலமும் பெருமதிலாக நிற்கின்றன. ஆகவே சைபீரியக் குளிர் நேரே தமிழகத்தை எட்டுவதில்லை. சீனத்தின் பக்கம் அத்தகைய மதில் இல்லை. சரிந்த காற்று சீனச் சமவெளிகளைக் கடந்து, தென்சீனக் கடலுக்குத் தடையின்றி வந்துவிடுகிறது.

இவ்வாறு முன்னேறும் குளிர்க்காற்று வெதுவெதுப்பான காற்றை முட்டித் தள்ளும் எல்லையை மேலைநாட்டார் போர்முனையைக் குறிக்கும் சொல்லால் வழங்குகின்றனர். முதல் உலகப்போர் முடிந்த நாட்களில், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பியர்க்னெஸ் என்னும் அறிஞரைச் சூழ்ந்திருந்த ஆய்வாளர் குழுவே அச்சொல்லை வானிலை நூலுக்குள் கொண்டுவந்தது. இரு படைகள் எதிர்ப்படும் கோட்டைப்போல் இருவகைக் காற்றும் எதிர்ப்படுவதால் அப்பெயர் வந்தது. தமிழில் ‘குளிர்முனை’ என்றால் அந்த உவமை சிதையாமல் நிற்கும்.

குளிர்முனை மலேசியா வரை வருவதில்லை. தென்சீனக் கரையைத் தாண்டியதும் கீழே கிடக்கும் வெப்பக் கடல் அதனைச் சூடேற்றிக் கலைத்துவிடுகிறது. ஹாங்காங்கில் ஒரே நாளில் வெப்பம் பல பாகை சரியும். குவாந்தானில் அந்தச் சரிவு பெரும்பாலும் மழைநாளின் குளிர்ச்சி அளவே இருக்கும். அதனாற்றான் இங்கு வாழ்வோர் பலர் குளிர்முனையைப் பாடநூலில் மட்டும் வரும் பொருளாக நினைக்கின்றனர். ஆனால் முனை மடிந்தாலும் அதன் பின்னிருந்த தள்ளுதல் மடிவதில்லை. வடக்கே மிகுந்த அழுத்தம் தென்சீனக் கடல் முழுவதன்மேலும் காற்றை முடுக்கிவிடுகிறது. இதனை ‘வாடைப்பெருக்கு’ எனலாம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை வீசுகிறது. அப்பருவத்தினூடே விட்டுவிட்டு எழும் வேகமே வாடைப்பெருக்கு. ஒவ்வொன்றும் சில நாட்கள் நீடிக்கும்; பின் தணியும்; பின் மற்றொன்று எழும்.

இப்பெருக்கு எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்பது வியப்பூட்டும் செய்தி. ஹாங்காங்கிற்கும் குவாந்தானுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்றுத்துணுக்கு இத்தொலைவைக் கடக்க இரண்டரை நாள் ஆகும். ஆயினும் ஹாங்காங்கில் அழுத்தம் ஏறியபின் ஓரிரு நாளிலேயே மலேசியக் கரையில் காற்று வலுக்கத் தொடங்குவது உண்டு. நீர் நிறைந்த குழாயின் ஒரு முனையில் அழுத்தினால், அழுத்திய நீர் மறுமுனைக்கு வந்துசேரும் முன்பே அங்கு நீர் பீறிடுகிறதன்றோ? அதுபோல அழுத்தத்தின் தாக்கம் காற்றைவிட விரைந்து பயணம் செய்கிறது. ஆகவே சீனத்தின் உள்நாட்டில் உள்ள கூசி என்னும் ஊருக்கும் ஹாங்காங்கிற்கும் இடையே அழுத்த வேறுபாடு 10 மில்லிபாரை எட்டுகிறதா என்று வானிலையாளர் பார்க்கின்றனர். எட்டினால் வாடைப்பெருக்கை எதிர்பார்க்கின்றனர். பகாங் மீனவனின் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும் நேரத்திலேயே அவனுடைய நாளைய கடல் வடக்கே முடிவாகிவிடுகிறது. 1978 டிசம்பரில் பல நாட்டு அறிஞர் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கப்பலும் விமானமும் துணையாக இப்பருவக்காற்றை ஆராய்ந்தனர். இன்று நாம் அறிந்தவற்றுள் பல அவ்வாராய்ச்சியின் பயன்.

சைபீரியாவை விட்டுப் புறப்படும்போது வறண்டிருந்த வாடை, கடலின்மேல் வரும் வழியெல்லாம் நீராவியைக் குடித்துக்கொண்டே வருகிறது. வங்கக் கடலைக் கடந்த காற்று சோழமண்டலக் கரையில் மழையாவதும் இவ்வாறே. பகாங் கரையை அடைந்து, உள்நாட்டு மலைகளில் ஏறும்போது அது பெருமழையாகிறது. மலாய் மக்கள் இக்காலத்தைத் ‘தெங்குஜூ’ என்பர். 1926, 1971, 2014 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் யாவும் இப்பருவத்தின் நெஞ்சுப்பகுதியில் நேர்ந்தவை. 2014 டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் முதலிய மாநிலங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்து பாதுகாப்பிடம் செல்ல நேர்ந்தது.

மலையில் என்ன நிகழ்கிறது? தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் ஒன்றினாலேயே கரையைவிட ஒன்பது பத்துப் பாகை குளிர்ச்சி பெறுகிறது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலையில், 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் புளூ வேலி முதலிய பிற தோட்டங்களும் செழித்தமைக்கு இக்குளிர்ச்சியே அடிப்படை. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல இங்குத் தலைமுறைகளாக வேர்விட்டிருக்கின்றன. வாடைக்காலத்தில் இம்மலையில் இருவகைக் குளிர் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. டிசம்பரில் வருவது முகிற்குளிர்: பகலில் வெயில் ஏறாததால் வருவது, இரவில் அத்துணைக் கடுமை இராது. சனவரி, பிப்ரவரியில் காற்று வறளத் தொடங்கும். வானம் வெளுத்த இரவுகளில் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி விண்ணுக்கு விட்டுவிடும், விடியற்காலையில் நடுக்கும். மலேசிய வானிலை நிலையங்கள் பதிந்தவற்றுள் மிகக் குறைந்த வெப்பமான செல்சியஸ் 7.8 பாகை, 1978 பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் பதிவானது. இருவகைக் குளிரிலும் தளிர் விடுவது தாமதமாகும், பறிக்கும் சுற்று நீளும், எடை குறையும்.

மலையில் பெய்யும் மழையின் போக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெர்த்தாம், தெலோம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே சென்று, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலை அடைவன. 1963இல் முடிவுற்ற நீர்மின் திட்டம் அவற்றின் நீரில் பெரும்பகுதியை மலையைக் குடைந்து மேற்கே பேராக் பக்கம் திருப்பிவிட்டது. தென்சீனக் கடல் தந்த மழை இன்று மலாக்கா நீரிணைக்குப் போகிறது!

இனிக் கடலுக்கு வருவோம். அலையின் உயரத்தை முடிவு செய்வன மூன்று: காற்றின் வேகம், அது வீசும் காலம், தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம். வாடைக்கு மூன்றும் வாய்த்திருக்கின்றன. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைகளில், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றும் 3.5 மீட்டர் வரை அலையும் முதல் நிலை. சிறு படகுகளுக்கு அதுவே ஆபத்து. 50 முதல் 60 கிலோமீட்டர் காற்றும் 4.5 மீட்டர் வரை அலையும் அடுத்த நிலை. காற்று நின்றதும் கடல் அடங்கிவிடும் என்று நினைப்பதும் தவறு. தொலைவில் எழுந்த நீண்ட அலைகள் காற்று தணிந்த பின்னும் கரையை வந்தடைந்துகொண்டே இருக்கும். வெயில் காய்ந்து, தென்னை அசையாது நிற்கும் காலைப்பொழுதில் படகு கவிழ்வதற்கு இதுவே பெருங்காரணம்.

இக்கடலின் சீற்றம் தமக்குக் காவல் என்று படைத்துறையினர் நம்பிய காலமும் உண்டு. மலாயாவின் பிரிட்டிஷ் படைத்தலைவராய் இருந்த டாபி, வாடைக்காலத்திலும் கிழக்குக் கரையில் படை இறங்க இயலும். முகில்மூட்டம் வருபவருக்கே துணையாகும் என்று 1937இல் எடுத்துக்காட்டினார். 1941 டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அலையில் படகுகள் கவிழ்ந்தன, ஆயினும் இறங்கினர். நிலநடுக்கோட்டின் அருகே சூறாவளி பிறவாது என்ற நம்பிக்கையும் இவ்வாறே தகர்ந்தது. 2001 டிசம்பர் 27ஆம் நாள், விடாது நீடித்த வாடைப்பெருக்கில் பிறந்த வாமெய் என்னும் சூறாவளி, வட அட்சம் ஒன்றரைப் பாகைக்கருகில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கே கரையேறியது.

காற்றோடு ஓதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றிக் கரையோரப் படகுக்குக் கணக்கு முடிவதில்லை. ஓதம் என்பது நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல் ஏறி இறங்குவது. இரண்டும் ஒரே கோட்டில் நின்று ஈர்க்கும் முழுநிலா, புதுநிலா நாட்களை அடுத்து ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். தமிழர் அவ்விரு நாட்களையும் ‘உவா’ என்றனர். தீபாவளி அமாவாசையை ஒட்டியது. கார்த்திகைத் தீபமும் தைப்பூசமும் முழுநிலாவை ஒட்டியவை. எனவே விடுமுறை பெற்றுக் குடும்பத்தோடு தோட்டத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் நாட்கள் பலவும் உவாவோத நாட்களாகவே அமைகின்றன. சனவரித் தொடக்கத்தில் பூமி கதிரவனுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் ஈர்ப்பும் சற்றுக் கூடுகிறது.

மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும். இரண்டும் ஏறத்தாழ ஒத்தவை. பகாங் கரையில் அவ்வொழுங்கு இல்லை. ஒருநாளின் இரண்டு ஏற்றங்களும் உயரத்தில் பெரிதும் வேறுபடும். மேற்குக் கரையில் பழகியவர் அந்தக் கணக்கைக் கிழக்கே கொண்டுவந்து ஏமாறுவது எளிது. மேலும், ஓத அட்டவணை நிலவையும் கதிரவனையும் கணக்கிட்டு எழுதப்படுவது. காற்றை அது அறியாது. வாடை நாட்கணக்கில் வீசும்போது ஆழம் குறைந்த தென்பகுதிக் கடலில் நீர் குவிகிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சனவரி வரை கடலின் சராசரி மட்டமே ஆண்டின் நடுப்பகுதியைவிட ஓரடிக்கும் மேலாக உயர்ந்திருக்கிறது. பெருக்கு நாட்களில் அதற்குமேலும் ஏறுகிறது. அட்டவணை குறிக்கும் வற்ற நேரத்தில் நீர் உரிய அளவு வற்றாது. அப்போது பகாங் ஆற்றின் வெள்ளம் கடலுக்குள் இறங்க வழியின்றி நின்று, பெக்கான் பக்கத்துத் தாழ்நிலங்களில் தேங்குகிறது.

எல்லாவற்றிலும் கொடியது ஆற்றுமுகம். ஏற்றத்தின்போது ஓதமும் அலையும் ஒரே திசையில், கரைநோக்கிச் செல்வதால் அலை நீண்டு படிந்திருக்கும். இறக்கத்தின்போதோ வெளியேறும் ஓதமும் ஆற்றுவெள்ளமும் சேர்ந்து கடல்நோக்கி ஓட, வாடை எழுப்பிய அலை அதற்கு எதிராக வருகிறது. எதிர்நீரில் முட்டிய அலையின் நீளம் குறுகும், உயரம் கூடும், சரிவு செங்குத்தாகி மணல்திட்டின்மேல் உடையும். வெளிக்கடலில் தாங்கிய படகு, வீடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கவிழ்வது இங்கேதான். ஆதலால் திட்டைக் கடக்கத் தக்க நேரம், உயர் ஏற்றம் முடிந்து நீர் சற்று ஓய்ந்து நிற்கும் சிறுபொழுது. கனமழைக்குப் பின் ஆறு பெருகியிருந்தால் அவ்வோய்வும் மிகச் சுருங்கிவிடும்.

பிப்ரவரி கழிந்து மார்ச்சில் காற்று தளர்கிறது. படகுகள் மறுபடி வெளிக்கிளம்புகின்றன. அப்போதும் பழகிய மீனவர் முதல் ஓட்டத்தில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே மெல்லச் செல்வர். நான்கு மாத அலையும் வெள்ளமும் ஆற்றுமுகத்து மணலை இடம் மாற்றியிருக்கும். போன ஆண்டு கடந்த வழியில் இந்த ஆண்டு திட்டு இருக்கலாம்.