புகை குறைந்தது, குழந்தையின் எடை கூடியதா?

ஜெனீவா நகரில் 2018-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரு மாநாடு கூடியது. கூட்டியது உலக சுகாதார நிறுவனம். காற்று அசுத்தமும் மக்கள் உடல் நலமும் பற்றி அந்த நிறுவனம் நடத்திய முதல் உலக மாநாடு அதுதான். மந்திரிகளும் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் மூன்று நாள் பேசினார்கள்.

"ஜெனீவாவில் பேசினால் நமக்கென்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர்கள் அங்கே பேசிக்கொண்டிருந்த அதே சமயத்தில், இங்கே நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது!

அடுப்படியில் ஆராய்ச்சி

கோமுகி அணைப் பக்கம் வடக்கனந்தல் போன்ற மலையடிவார ஊர்களில் விறகுக்குப் பஞ்சம் இல்லை. சுள்ளி கிடைக்கும். காய்ந்த மரவள்ளிக் குச்சி கிடைக்கும். காசு கொடுக்க வேண்டாம். ஆனால், அதற்குப் பதிலாகக் கண்ணையும் நெஞ்சையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2020-ம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

புகையை நிறுத்தினால் வயிற்றில் உள்ள குழந்தை நன்றாக வளருமா? இதுதான் கேள்வி.

இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் நாட்டில் சுமார் 800 பேர். எல்லோரும் தமிழ்நாட்டுப் பெண்களே! கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் ஆகிய இரண்டு பகுதிகளைச் சேர்ந்தவர்கள். (கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.) இந்தியாவில் இந்த வேலையை நடத்தியவர் சென்னை போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன்.

யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பாதிப் பேருக்குக் கியாஸ் அடுப்பும், 18 மாதங்களுக்குச் சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கம் போல விறகு அடுப்பிலேயே சமைத்தார்கள். பெண்களின் உடையில் ஒரு சிறு கருவியை மாட்டினார்கள். 24 மணி நேரத்தில் அவர்கள் சுவாசிக்கும் தூசியை அது அளந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி அது. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் நுரையீரலின் அடி வரை போய்விடுகிறது.

வந்தது முடிவு!

விறகு அடுப்புப் பெண்கள் சுவாசித்த காற்றில், ஒரு கன மீட்டருக்குத் தூசி சுமார் 71 மைக்ரோகிராம். கியாஸ் அடுப்புப் பெண்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

குழந்தைகள் பிறந்தன. எடை போட்டார்கள். கியாஸ் வீட்டுக் குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம். விறகு வீட்டுக் குழந்தைகளுக்கு 2,898 கிராம். வித்தியாசம் சொற்பம். "இதை வைத்துப் பலன் உண்டு என்று சொல்ல முடியாது" என்பதுதான் 2022-ல் வெளியான முடிவு. குழந்தைகளுக்குக் கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று 2024-ல் தெரிந்தது.

பல கோடி ரூபாய் செலவழித்து, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அதை மறைக்காமல் அச்சில் போட்டார்களே, அதுவே பெரிய காரியம்.

அப்படியானால் புகை நல்லதா? அவசரப்படாதீர்கள். சோதனையில் சேரும்போதே அந்தப் பெண்களுக்குக் கர்ப்பம் 9 வாரத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் பல வருஷம் குடித்த புகை இருக்கிறது. தாயின் சாப்பாடு இருக்கிறது. மேலும், மிஞ்சிய 24 மைக்ரோகிராமும் சுத்தக் காற்று அல்ல. வருஷச் சராசரி 5-க்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து வீட்டுப் புகை சுவர் ஏறி வருகிறது. தெருக்கோடியில் குப்பை எரிகிறது.

2025 மார்ச்சில் கொலம்பியா நாட்டின் கார்த்தகேனா நகரில் இரண்டாவது மாநாடு கூடியது. காற்று அசுத்தத்தால் வரும் கேட்டை 2040-க்குள் பாதியாகக் குறைப்பது என்று பேசினார்கள்.

இங்கே கியாஸ் வாங்கிய வீடுகளிலும் குளிக்க வெந்நீர் போடுவது கொல்லைப்புறத்து விறகு அடுப்பில்தான். சிலிண்டர் விலையை நினைத்து வீட்டுத் தலைவி செய்யும் சிக்கனம் அது. சோதனையில் சிலிண்டர் இலவசம். வீட்டில் அப்படி இல்லையே!